வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் தண்டல் கடன்: எப்படி உதவுவது?

கொடிமல்லி (இழையைத் தொடங்கியவர்)

மூன்று வாரமாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே அனுபவம் உள்ளவர்கள் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நாங்கள் வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக் கடன் முடியும் நிலையில் இருக்கிறது. ஆறு வருடமாக ஒரு அக்கா பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துக் கொடுக்கிறார். எங்களோடு சேர்த்து மூன்று வீடு. மொத்தம் மாதம் 13,500 ரூபாய் வருகிறது.

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது என் புடவைகள், பையனுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகள், ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய மிக்ஸி எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் போட்டுக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துக் கீழே கேட் பக்கம் பைக்கில் ஒருவர், கையில் ஒரு நோட்டோடு அக்காவுக்காகக் காத்திருந்தார். அக்கா மேலே வந்து, "மேடம், ஒரு ஐந்நூறு இருந்தா சம்பளத்துல புடிச்சிக்கிறீங்களா?" என்று கேட்டார். குரல் நடுங்கியது.

உட்கார வைத்துப் பேசினேன். போன வருடம் அவர் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் நாற்பதாயிரம் ஆகியிருக்கிறது. அதிலிருந்து தண்டல். ஒன்றை அடைக்க இன்னொன்று. இப்போது ஒரே நேரத்தில் இரண்டு ஓடுகிறது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்களாம். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 200, மாதம் 6,000. வரும் 13,500-ல் ஆறாயிரம் பைக்காரரிடம் போய்விடுகிறது. ஆறு வருடம் என் சமையலறையில் நின்றவரின் கணக்கு எனக்கு இவ்வளவு நாள் தெரியவில்லை.

கடனை நானே அடைத்துவிடலாமா? சம்பளத்தை ஏற்றுவதா? அவருக்கு மனம் நோகாமல் எப்படிச் செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்கர்

அம்மா, நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் கவுண்டரில்தான் இருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்தத் தண்டலின் உண்மையான வட்டியைப் பாருங்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. கடைசி வாரத்தில் அவர் கையில் அவர்களுடைய பணம் எழுநூறுகூட இருக்காது, தவணை மட்டும் அதே நூறு. ஆண்டுக் கணக்கில் போட்டால் சுமார் 120 சதவீத வட்டி வருகிறது. வங்கியில் நகைக் கடனுக்கு நாம் கட்டும் வட்டியோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல். வசதி உள்ளவனுக்குப் பணம் மலிவாகக் கிடைக்கிறது, இல்லாதவன் அதே பணத்துக்கு இவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது. கவுண்டரில் இருந்த காலம் முழுக்க இது என்னைத் தூங்க விடாத விஷயம்.

அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்த கொடுமை நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கந்துவட்டி என்பதைச் சின்ன விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது: எத்தனை தவணை பாக்கி என்று அக்காவையே கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். மொத்தமாக முடிப்பதென்றால் தண்டல்காரர் சிலர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். முடித்ததும் அந்த நோட்டில் முடிந்தது என்று எழுதி வாங்க வேண்டும். வெற்றுத் தாளிலோ புரோநோட்டிலோ கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் அதையும் கையோடு திரும்ப வாங்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடைத்த பிறகுதான் முக்கியமான வேலை. அடுத்த தண்டல் எதனால் வரும் என்று யோசியுங்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரி, சாவு, பள்ளி திறக்கும் ஜூன் மாதம். இந்த மூன்றுக்கும் ஏற்பாடு இருக்கிறது, பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மூன்று வீட்டுச் சம்பளமே வருடத்துக்கு 1,62,000 ஆவதால் அக்காவின் குடும்பம் இந்த வரம்பைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. இருந்தாலும் விசாரித்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. குடலிறக்கம் அங்கே தினமும் செய்யும் ஆபரேஷன்தான். அந்த நேரத்தில் கூடப் போய் நிற்க விஷயம் தெரிந்த ஒரு ஆள் இல்லாததால்தான் தனியாரிடம் ஓடுகிறார்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு வழியாக இரண்டு காப்பீடு. விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை. ஆயுள் காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய், 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டுமே 2 லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு போய்விடும். என் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தார். கணவர் லாரியில் அடிபட்டு இறந்திருந்தார். பாஸ்புக்கைப் பார்த்தேன். நான்கு வருடம் பிடித்த பணம் ஐந்தாவது வருடம் பிடிக்கப்படவில்லை. கணக்கில் எட்டு ரூபாய் இருந்தது. பன்னிரண்டு ரூபாய் குறைந்ததால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் இல்லாமல் போனது. வருடா வருடம் மே 20 அன்று அக்காவின் கணக்கில் 500 ரூபாய் போட்டுவிடுங்கள். உங்கள் கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொண்டால் போதும்.

பனைமேடு

கணக்கர் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் பணம் கொடுக்கும்போது எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, மகள் கல்யாணம் என்று 30,000 கடனாகக் கொடுத்தேன். இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தேன். மூன்றாவது மாதம் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். போனும் எடுக்கவில்லை. பணம் போனதைவிட, ஏழு வருடம் பழகிய மனிதர் போனதுதான் வலி.

அதோடு, அரசு எவ்வளவோ செய்கிறதே? ரேஷன் அரிசி இலவசம். 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம். தொடக்கப் பள்ளியில் காலையும் சாப்பாடு, மதியமும் சாப்பாடு. நானும் வரி கட்டுகிறேன். தனியாக நான் செய்ய வேண்டியது என்ன மிச்சம் இருக்கிறது? சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

எட்டாவது பிளாக்

இந்த இழையை நேற்று ராத்திரி படித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இன்று எழுதுகிறேன். என் அம்மா வீட்டு வேலை செய்துதான் எங்களை வளர்த்தார். நான் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன்.

நாங்கள் அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, குடிசைகளை அகற்றியவர்களுக்காக அரசு தள்ளிக் கட்டிய கண்ணகி நகர் குடியிருப்புக்கு மாற்றினார்கள். வீடு சிமெண்ட் வீடு, அது உண்மை. ஆனால் அம்மா வேலை பார்த்த வீடுகள் எல்லாம் மயிலாப்பூரில். நடந்து போன இடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியதாயிற்று. காலை ஐந்து மணிக்குக் கிளம்புவார். பக்கத்தில் புதிதாக வேலை தேடினால், கண்ணகி நகர் என்று முகவரி சொன்னதுமே, "சொல்லி அனுப்புகிறோம்" என்பார்கள்.

அம்மா நான்கு வீட்டில் வேலை பார்த்தார். அதில் ஒரு வீட்டு அம்மா ரிட்டயர்டு டீச்சர். அவர் பெரிதாக ஒன்றும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஒன்றாம் தேதி சம்பளம், அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும். மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு லீவு. வருடா வருடம் ஜூன் மாதம், கேட்காமலே, சம்பளம் 300 ரூபாய் ஏறும். அவர்கள் ஊருக்குப் போகும் மாதத்திலும் முழுச் சம்பளம், "நான் ஊருக்குப் போனா உனக்குப் பசிக்காதா?" என்பார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மற்ற மூன்று வீடும் "எல்லாம் சரியானதும் வா" என்று சொல்லிவிட்டன. டீச்சரம்மா ஐந்து மாதம் முழுச் சம்பளம் கொடுத்தார். அந்த ஒரு வீட்டுப் பணத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

இன்னொரு வீட்டில் தீபாவளிக்குப் பட்டுப் புடவையே கொடுப்பார்கள். ஆனால் சம்பளம் எட்டாம் தேதியும் வரும், பதினைந்தாம் தேதியும் வரும். எங்கள் வாடகை, சீட்டு, ஸ்கூல் வேன் எல்லாம் ஐந்தாம் தேதி. அந்தப் பத்து நாளைச் சமாளிக்க அம்மா அடகுக் கடைக்குப் போவார். அந்தப் பட்டுப் புடவை வீட்டால் நாங்கள் கட்டிய வட்டி எவ்வளவு என்று அவர்களுக்குக் கடைசி வரை தெரியாது.

பனைமேடு சார், உங்கள் டிரைவரைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா. அவர் உங்களை ஏமாற்றினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பிளாக்கில் நான் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கிய வீட்டில் தவணை தவறிப்போனால் முகத்தில் விழிக்க முடியாது. திட்டினால்கூடப் பரவாயில்லை, அவர்கள் ஒன்றும் சொல்லாமல் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது. அதனாலேயே நல்ல வேலையை விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு போன் செய்து, "பணத்தை விடுங்க, பொண்ணு நல்லா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அரசு செய்வது பெரிய விஷயம்தான். ரேஷன் இல்லாவிட்டால் நாங்கள் பட்டினிதான். ஆனால் ஆயிரம் ரூபாய் வருகிறது என்பதற்காக வேலைக்கான சம்பளம் குறைவாக இருக்கலாம் என்று ஆகாது இல்லையா. வரி எங்கள் அம்மாவும் கட்டுகிறார் சார், சோப்பு வாங்கினாலும் கட்டுகிறார்.

கடலோரம்

எட்டாவது பிளாக் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொடிமல்லி பழைய துணிப் பை பற்றிச் சொன்னதால் இதைச் சொல்கிறேன். நான் நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அடுத்த வாரம் நாடு முழுவதிலுமிருந்து லாரி லாரியாகத் துணி வந்தது. நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிழிந்தது, கறை படிந்தது, குளிர் தேசத்துக் கம்பளி, ஒற்றைச் செருப்பு என்று இருந்தது. எங்கள் ஆட்கள் தொடவில்லை. நேற்று வரை தன் வலையில் தன் மீனைப் பிடித்து விற்றவன், அடுத்தவன் உடுத்திக் கழித்ததை எப்படி உடுத்துவான்? சாலை ஓரம் மலை மாதிரிக் கிடந்தது. மழையில் நனைந்து நாறியது. பிணங்களை எடுத்து முடித்த துப்புரவுப் பணியாளர்கள் அப்புறம் இதையும் அள்ள வேண்டி வந்தது.

என் அம்மாவுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது உள்ளாடை, மாதவிலக்குத் துணி, தலைக்கு ஒரு சீப்பு. இதை யாரிடம் போய்க் கேட்பது? மூன்றாம் நாள் ஒரு பெண்கள் குழு வந்து, பந்தலில் ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, "என்ன வேணும்?" என்று கேட்டது. அன்றைக்குத்தான் அம்மா முதன்முதலாக அழுதார்.

அப்புறம் படகு, வலைக்கெல்லாம் இழப்பீடு வந்தது. நல்லது. ஆனால் எங்கள் தெருவில் அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்கள் பதினாறு பேர் இருந்தார்கள். அவர்களுடைய முதல் என்பது ஒரு கூடை, ஒரு தராசு, கையில் இரண்டாயிரம் ரூபாய். அது கடலோடு போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. திரும்பத் தொழில் தொடங்க வட்டிக்குத்தான் வாங்கினார்கள். காலையில் 900 வாங்கி சாயங்காலம் 1,000 கொடுப்பது. உதவி செய்கிறவர்கள் கண்ணுக்குப் படகு தெரிகிறது, கூடை தெரிவதில்லை.

அதனால் அக்காவிடம் கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்கு முக்கியமாகத் தோன்றாவிட்டாலும் அதையே செய்யுங்கள்.

மாலை ரயில்

ஒன்றே ஒன்று. அந்த அக்காவுக்குத் தனி டம்ளர் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குடியிருப்பில் அவருக்குத் தனி லிஃப்ட் என்று போர்டு இருந்தால் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். கழிவறை உபயோகிக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மூன்று வீடு முடிக்கும் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பில் இதற்காக எட்டு மாதம் பேசினேன். இப்போது கீழ்த்தளத்தில் ஒரு கழிவறை, உட்கார ஒரு பெஞ்ச், மின்விசிறி இருக்கிறது. வீட்டுக்கு 210 ரூபாய்தான் செலவானது.

நடுப்பெஞ்ச்

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். விழுப்புரம் மாவட்டம். ஒவ்வொரு ஜூனிலும் யாராவது நோட்டுப் புத்தகம், பை கொண்டுவந்து கொடுப்பார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். நன்றி சொல்லி அனுப்புவேன். ஆனால் பையும் புத்தகமும் அரசே கொடுக்கிறது. எனக்குத் தேவை வேறு இடத்தில் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததிலிருந்து கல்லூரியில் சேரும் வரை உள்ள ஆறு ஏழு வாரம். அந்த இடைவெளியில்தான் என் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். அரசு உதவி இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் ஆயிரம். குடும்பத்தில் பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், பொறியியல் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் இதெல்லாம் சேர்ந்த பிறகு. சேரும் நாளில் என்ன தேவைப்படுகிறது? விண்ணப்பக் கட்டணம், சாதி, வருமானம், இருப்பிடம் என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கு இரண்டு மூன்று நடை, அப்பாவின் ஒரு நாள் கூலி இழப்பு, கலந்தாய்வு ஊருக்குப் பஸ் காசு, விடுதி முன்பணம், ஒரு ஜோடி நல்ல செருப்பு. மொத்தம் எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம். அது இல்லாமல் 478 மதிப்பெண் எடுத்த ஒரு பெண் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். நான் அந்த வாரம் ஊரில் இல்லை. அதை நினைத்தால் இன்றும் தாங்க முடியவில்லை.

இப்போது மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கு மாதம் 2,000 போடுகிறோம். வருடத்துக்கு 72,000. அதில் ஆறேழு பிள்ளைகளைக் கல்லூரி வாசல் தாண்டி உள்ளே விட முடிகிறது. படிவம் நிரப்ப, இணையத்தில் தேதி பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு தம்பி ராத்திரி ஒன்பது மணிக்குப் போனில் வருவான். அவன் கொடுக்கும் அந்த ஒரு மணி நேரம் எங்கள் பணத்தைவிடப் பெரியது.

பனைமேடு

நான் கேட்ட கேள்விக்கு இவ்வளவு பொறுமையாகப் பதில் எழுதியதற்கு நன்றி. எட்டாவது பிளாக், நீங்கள் சொன்னபடி போன் செய்தேன். எடுக்கவில்லை. நீங்கள் எழுதியதையே வாட்ஸ்அப்பில் செய்தியாக அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. பரவாயில்லை, அனுப்பியது எனக்கே கொஞ்சம் பாரம் இறங்கினதுபோல் இருந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். பணமாகக் கொடுத்தால் டாஸ்மாக்குக்குப் போகாதா? மனைவி கையிலிருந்து கணவன் பிடுங்கிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம், ஒருவருக்கு உதவினால் அடுத்த வாரம் பத்துப் பேர் வந்து நின்றால்? எனக்கும் வயதான அப்பா இருக்கிறார், எல்லை ஒன்று வேண்டும்.

பழைய கணக்கர்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். எல்லை வைப்பது தவறே இல்லை. மாத வருமானத்தில் இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கித் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். யாராவது வந்து கேட்கும்போது அந்தக் கணக்கில் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் "இந்த மாதம் முடிந்துவிட்டது" என்று மனதில் உறுத்தல் இல்லாமல் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் "கொடுக்கலாமா" என்று யோசிக்கும் அவஸ்தை இருவருக்கும் இல்லை. அமைப்புகளுக்குக் கொடுப்பவர்கள், நன்கொடைக்கான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) புதிய வரி முறையில் கிடையாது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

குடியைப் பற்றி: ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டங்களைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-ல் அப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை, பல இடங்களில் குறைந்தே இருந்தது. ஆனால் நம் ஊரில் நீங்கள் கண்ணால் பார்த்ததையும் நான் மறுக்க மாட்டேன். அந்த அம்மாவின் பெயரில் தனிக் கணக்கு, ஏடிஎம் கார்டு அவர் கையில், குறுஞ்செய்தி அவர் எண்ணுக்கு வரும்படி செய்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

எட்டாவது பிளாக்

என் அப்பா குடித்தவர்தான் சார். அதனால்தான் டீச்சரம்மா அம்மாவின் ஜூன் மாதச் சம்பள உயர்வை அப்பாவுக்குச் சொல்லவே இல்லை. அம்மா சொன்னால் மட்டுமே யாருக்கும் தெரியும். அந்த 300 ரூபாய் வருடா வருடம் ஏறி ஏறி, அஞ்சலகத்தில் என் பெயரில் சேர்ந்தது. லேப் டெக்னீசியன் படிப்புக்கு முதல் வருடக் கட்டணம் அதுதான்.

இன்னொன்றும் மறந்துவிட்டேன். வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2007-லிருந்தே தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, மகப்பேறு உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அம்மாவுக்கு 54 வயதில்தான் இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தார். கொடிமல்லி அக்கா, அவரிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கொடிமல்லி

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லார் பதிலையும் இரண்டு முறை படித்தேன், கணவரையும் படிக்க வைத்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா தன் பையனின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு தவணையையும் கோடு போட்டு வைத்திருந்தார். ஒன்றில் 38 பாக்கி, இன்னொன்றில் 71. மொத்தம் 10,900. நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். சும்மா வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். "கடனாவே குடுங்க மேடம், மாசம் ஆயிரம் புடிச்சிக்கோங்க. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்." சரி என்றேன். எந்த மாதம் முடியவில்லையோ அந்த மாதம் சொல்லாமலே விட்டுவிடலாம், அதைப் பற்றிப் பேசவே மாட்டோம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டேன். பனைமேடு சாரின் அனுபவத்தைப் படித்திருக்காவிட்டால் எனக்கு இது தோன்றியிருக்காது. தண்டல்காரர் இரண்டுக்கும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு ஒப்புக்கொண்டார். நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. வெற்றுத் தாள் ஒன்று இருந்தது, திரும்ப வாங்கிவிட்டார்.

எங்கள் வீட்டுச் சம்பளத்தை 4,500-லிருந்து 6,500 ஆக்கினோம். மாதம் நான்கு நாள் லீவு. மற்ற இரண்டு வீடுகளிலும் பேசினேன். ஒருவர் லீவுக்கு உடனே ஒப்புக்கொண்டார். இன்னொருவர் இன்னும் பதில் சொல்லவில்லை, மறுபடி பேசுவேன்.

போன சனிக்கிழமை வங்கிக்குப் போனோம். கணக்கு முடங்கிக் கிடந்தது, ஆதார் ஆவணங்கள் புதுப்பிக்கவில்லையாம். அதை முடிக்கவே ஒன்றரை மணி நேரம். அக்காவுக்கு 44 வயது, அதனால் இரண்டு காப்பீடும் எடுத்தாயிற்று. அவர் கணவருக்கு 52, அவருக்கு விபத்துக் காப்பீடு மட்டும். நல வாரியப் பதிவு இல்லை. அதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். மருத்துவக் காப்பீட்டுக்கு வருமானச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம், வரம்பைத் தாண்டுவதால் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

கடலோரம் சொன்னதற்காகத் தனியாகக் கேட்டேன். "அக்கா, இதெல்லாம் நான் நினைத்தது. உங்களுக்கு என்ன வேண்டும்?" வெகுநேரம் யோசித்தார். "ஏழு மணிக்குப் பதிலா எட்டரைக்கு வரட்டுமா மேடம்? பையன் சாப்பிட்டுட்டுக் கெளம்புறத ஒரு நாள்கூடப் பாத்தது இல்ல." ஏழு மணி என்று வைத்தது நான்தான். எதற்காக வைத்தேன் என்று யோசித்தால் ஒரு காரணமும் நினைவுக்கு வரவில்லை. திங்கள்கிழமையிலிருந்து எட்டரைக்கு வருகிறார்.

நடுப்பெஞ்ச் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்தப் பையன் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. சான்றிதழ்களை இப்போதே எடுத்து வைக்கலாம் என்று இருக்கிறோம். அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள். கல்லூரியில் ஒரு வருடம் படித்துவிட்டு, அப்பாவின் ஆபரேஷன் சமயத்தில் நின்றுவிட்டாள். இப்போது ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் பெயரில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்குமா? அப்புறம், அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடி சேர வழி இருக்கிறதா?